பெண் பிள்ளைக்குப் பந்தய சைக்கிள்: எதை முதலில் வாங்க வேண்டும்?

வீட்டுக்கு ஒரு சைக்கிள் வாங்கும்போது யாருடைய காலை அளந்து வாங்குகிறோம்? எமது கிராமங்களில் இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. வாப்பா கடைக்குப் போக, நானா வகுப்புக்குப் போக என்று வாங்கிய சைக்கிளிலேயே பெண் பிள்ளைகள் ஓடப் பழகுகிறார்கள். சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது. எழுந்து நின்றே மிதிப்பார்கள். கடைக்கும் பாடசாலைக்கும் போய்வர அது போதுமாக இருக்கலாம். ஆனால் ஒரு பிள்ளை பந்தயத்தில் ஓட விரும்பும்போது, பிறருக்காக வாங்கிய அளவு அவளுடைய வேகத்தைக் குறைப்பதோடு உயிருக்கும் ஆபத்தாகிவிடுகிறது.

கலேவெலப் பகுதியில் நான் பணியாற்றும் கிராமமொன்றில் தாய்மார் சிறுசேமிப்புக் குழு ஒன்று இருக்கிறது. அக்குழு உறுப்பினர் ஒருவரின் மகளுக்கு வயது 17. பாடசாலை மைதானத்தில் நடந்த குறுந்தூர ஓட்டங்களில் அவள் தொடர்ந்து முதலிடம் பெற்றதைக் கண்ட பயிற்றுநர் ஒருவர், தடகள சைக்கிள் ஒன்றில் பயிற்சி எடுக்கும்படி கூறியிருந்தார். முழுச் சைக்கிளாக வாங்க வசதியில்லை. பாகம் பாகமாக வாங்கிப் பூட்டலாம் என்று முடிவாயிற்று. குழு கடன் கொடுக்கச் சம்மதித்தது. எதை வாங்குவது என்று பார்த்துச் சொல்லும்படி என்னைக் கேட்டார்கள்.

என் கையில் ஒரு பட்டியலைத் தந்தார்கள். வெளிநாட்டில் வேலை செய்யும் உறவினர் ஒருவர் எழுதி அனுப்பியது. அதில் காபன் சில்லு முதலில் இருந்தது. சீட் கடைசியில் இருந்தது. பிரேமின் அளவு பிள்ளையின் அளவை விடப் பெரிதாகவே குறிக்கப்பட்டிருந்தது. ஏன் என்று கேட்டேன். "இவ்வளவு காசு போடுற நேரம், கொஞ்சம் பெரிசா எடுத்தா பிறகு தம்பிக்கும் உதவும்தானே மிஸ்?" என்றார் உம்மா.

சமூகவியல் படித்தவள் என்ற முறையில் அந்த வாக்கியம் எனக்குப் புதிதல்ல. பெண் பிள்ளைக்கென்று வாங்கும் பொருளிலும் வேறொருவருக்கு ஒரு பங்கு வைத்தே நாம் சிந்திக்கிறோம். அந்தத் தாயைக் குறை சொல்ல முடியாது. வறுமை அவ்வாறுதான் கணக்குப் பார்க்கும். ஆனால் இந்தக் கணக்கு இங்கே ஏன் பிழைக்கிறது என்பதை விளக்க, தடகள சைக்கிள் எப்படிப்பட்டது என்பதை முதலில் அறிய வேண்டும்.

பிரேக் இல்லாத சைக்கிள்

தடகள சைக்கிள் ஓட்டம் நடக்கும் இடத்தை வெலோட்ரோம் என்பார்கள். சர்வதேசப் போட்டிகளுக்கான தளம் பொதுவாக 250 மீற்றர் சுற்றளவு கொண்டது. வளைவுகளில் தரை ஏறக்குறைய 42 பாகைக்கு மேல் சரிந்து, சுவரைப் போல எழுந்து நிற்கும். வசதியில்லாத இடங்களில் புல் மைதானத்திலும் வட்டம் போட்டு ஓடுகிறார்கள்.

இந்தச் சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது. கியர் மாற்றும் வசதியும் கிடையாது. பிரீவீலும் இல்லை. சாதாரண சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் சில்லு தானே சுழன்று போகும். இதில் அது நடக்காது. பின்சில்லு சுற்றும் வரை பெடலும் சுற்றும். கால்களும் சுற்றியே ஆகவேண்டும். வேகத்தைக் குறைக்கக் காலால் பெடலை எதிர்த்துப் பிடிக்க வேண்டும்.

இதில் உடலும் சைக்கிளும் ஒன்றோடொன்று கட்டுண்டு கிடக்கின்றன. சாதாரண சைக்கிளில் அளவு கொஞ்சம் பிசகினால் காலைத் தூக்கி ஓய்வெடுத்துச் சமாளிக்கலாம். இதில் சமாளிக்க இடமில்லை. அளவு பிசகிய சைக்கிள் ஒவ்வொரு சுற்றிலும் முழங்காலையும் இடுப்பையும் பதம் பார்க்கும்.

பெண்களுக்குக் கதவு திறந்த காலம்

1896 இல் ஏதென்ஸில் நடந்த முதலாவது நவீன ஒலிம்பிக்கிலேயே ஆண்களுக்குத் தடகள சைக்கிள் ஓட்டம் இருந்தது. பெண்களுக்கு அது கிடைத்தது 1988 இல், சியோல் ஒலிம்பிக்கில்தான். இடையில் 92 ஆண்டுகள். அன்றும் ஒரே ஒரு போட்டிதான். எஸ்தோனியாவைச் சேர்ந்த எரிக்கா சலுமாயே சோவியத் அணிக்காக அதில் தங்கம் வென்றார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு 7 தடகளப் போட்டிகள், பெண்களுக்கு 3. இரு பாலாருக்கும் சமமாக ஐந்தைந்து போட்டிகள் வந்தது 2012 இலண்டன் ஒலிம்பிக்கில். உலகப் போட்டிகளில் நேர ஓட்டம் ஆண்களுக்கு 1 கிலோமீற்றராகவும் பெண்களுக்கு 500 மீற்றராகவும் நீண்டகாலம் இருந்து, 2025 முதல்தான் இருவருக்கும் 1 கிலோமீற்றர் ஆனது.

எமது பிராந்தியத்திலும் நம்பிக்கை தரும் உதாரணம் உண்டு. நிக்கோபார் தீவைச் சேர்ந்த டெபோரா ஹெரோல்ட், 2004 சுனாமியில் உயிர் தப்பியபோது ஒன்பது வயதுச் சிறுமி. பின்னர் டெல்லி வெலோட்ரோமில் பயிற்சி பெற்று, இந்தியாவுக்காகச் சர்வதேசத் தடகளப் போட்டிகளில் பதக்கங்கள் வென்றார். தீவில் பிறந்தது அவருக்குத் தடையாகவில்லை. கலேவெலயில் வெலோட்ரோம் இல்லை என்பதும் எமது பிள்ளைக்குத் தடையாகக் கூடாது.

முதலில் அளவு, பிறகே காசு

எமது கிராமத்துக்கு அருகே சைக்கிள் திருத்தும் நானா ஒருவர் இருக்கிறார். பட்டியலைக் காட்டியதும் அவர் அதைப் படிக்கவே இல்லை. "முதல்ல புள்ளட காலை அளந்துட்டு வாங்க மிஸ், சாமானைப் பிறகு பார்ப்போம்" என்றார். அவர் சொன்னதே சரி.

அளப்பது எந்தத் தாயும் வீட்டில் செய்யக்கூடிய காரியம். பிள்ளையைச் செருப்பில்லாமல் சுவரில் முதுகு சாய்த்து நிற்க வையுங்கள். ஒரு தடித்த புத்தகத்தைச் சீட்டில் உட்காருவது போலக் கால்களுக்கிடையே மேலே அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளவு நாடாவால் அளவுங்கள். அந்த எண்ணை 0.88 ஆல் பெருக்கினால், பெடல் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பகுதி வரை இருக்கவேண்டிய உயரம் ஏறத்தாழக் கிடைக்கும். எங்கள் பிள்ளையின் அளவு 70 சென்டிமீற்றர். ஆகவே சீட் உயரம் சுமார் 62 சென்டிமீற்றர். உறவினர் எழுதிய பிரேமில் சீட்டை எவ்வளவு இறக்கினாலும் அந்த உயரத்துக்கு வராது. இதை எண்ணிக்கையில் காட்டியபோது குழுவில் யாரும் மறுத்துப் பேசவில்லை.

அடுத்து, பாகங்களை நாங்கள் வரிசைப்படுத்திய முறையைத் தருகிறேன்.

பிரேம்: தடகள பிரேமில் பின்சில்லு பூட்டும் வெட்டு பின்புறம் பார்த்து நீளமாக இருக்கும். செயினை இழுத்து இறுக்குவதற்கு இதுவே வழி. பெடல் அச்சும் சாதாரண சைக்கிளை விடச் சற்று உயரமாக இருக்கும். பின் ஹப்பின் அகலம் பெரும்பாலும் 120 மில்லிமீற்றர். பிரேமும் ஹப்பும் இந்த அளவில் பொருந்துகின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும். இரும்பு பிரேம் பாரமானது என்று வெட்கப்படத் தேவையில்லை. சர்வதேச விதிப்படி பந்தய சைக்கிளின் எடை 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது. பழகும் பிள்ளைக்குச் சில நூறு கிராமைக் குறைப்பதற்காகக் கடன் படுவதில் அர்த்தமில்லை.

சீட்டும் ஹேண்டிலும்: பொதுவாகப் பெண்களின் இடுப்பெலும்பு ஆண்களினதை விட அகலமானது. ஆண்களுக்கென வடிவமைத்த ஒடுங்கிய சீட்டில் நீண்ட நேரம் ஓடும்போது மரத்துப்போதலும் புண்ணும் ஏற்படலாம். வெட்கத்தால் பிள்ளைகள் இதை வெளியே சொல்வதில்லை. பயிற்சியை மட்டும் நிறுத்திவிடுகிறார்கள். தாய்மார்தான் கேட்டறிய வேண்டும். ஹேண்டிலின் அகலம் பிள்ளையின் தோள் அகலத்துக்கு ஏறக்குறையச் சமமாக இருத்தல் நல்லது.

கிராங்க்: பெடலைத் தாங்கும் கை இது. வீதிச் சைக்கிள்களில் 170 மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேல் நீளமாக இருக்கும். தடகளத்தில் 165 மில்லிமீற்றர் பரவலாகப் பயன்படுகிறது. காரணம் எளிது. வளைவில் சைக்கிள் சாயும்போதும் பெடல் சுற்றிக்கொண்டே இருக்கும். கிராங்க் நீளமானால் பெடல் தரையில் இடிக்கும். இடித்தால் சில்லு தூக்கி வீசப்படும். உயரம் குறைந்த பிள்ளையின் முழங்காலுக்கும் குட்டைக் கிராங்க் இதமானது. சிறிய பிரேமில் முன்சில்லு திரும்பும்போது கால் விரலில் படுவதையும் இது குறைக்கும்.

ஹப்: இதில் காசு மிச்சம் பிடிக்கவே கூடாது. தடகள ஹப்பில் இரண்டு மரைகள் உண்டு. பற்சக்கரம் வழக்கமான மரையில் ஏறும். அதன் மேல் வரும் பூட்டு வளையம் எதிர்த் திசை மரையில் ஏறும். காலால் எதிர்த்துப் பிடித்து வேகத்தைக் குறைக்கும்போது பற்சக்கரம் கழல முயலும். அப்போது எதிர் மரை வளையம் இறுகி அதைத் தடுக்கும். சாதாரண ஹப்பில் பற்சக்கரத்தை ஏற்றி ஒட்டுப் போட்டுத் தருகிறோம் என்று சொல்பவர்கள் உண்டு. அதற்குச் சம்மதிக்காதீர்கள். ஒட்டு விட்டுப்போகும் கணத்தில் பிள்ளையிடம் வேகத்தைக் குறைக்க எந்த வழியும் இருக்காது.

சில்லும் டயரும்: பட்டியலில் இருந்த காபன் சில்லை நீக்கி, 32 அல்லது 36 கம்பி போட்ட அலுமினிய ரிம்மைத் தெரிவு செய்தோம். கம்பி உடைந்தால் கலேவெலயிலேயே மாற்றலாம். காபன் சில்லு வெடித்தால் யாரிடம் கொண்டுபோவது? பந்தயங்களில் ரிம்மோடு பசை போட்டு ஒட்டும் டயர்களும் உண்டு. பசை சரியாகப் பிடிக்காவிட்டால் வளைவில் டயர் கழன்றுவிடும். பழகும் காலத்தில் டியூப் போட்ட சாதாரண வகை டயரே பாதுகாப்பானது. புல் மைதானத்துக்குப் பிடிமானமுள்ள சற்று அகலமான டயர் வேண்டும். ஆனால் அது பிரேமுக்குள் உராயாமல் சுற்றுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

செயின்: இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. கியர் இல்லாத சாதாரண சைக்கிள்களில் இருக்கும் எட்டில் ஒரு அங்குல அகலச் செயினே தடகள சைக்கிளிலும் பரவலாகப் பயன்படுகிறது. ஆகவே தரமான செயினை ஊர்க் கடையிலும் தேடலாம். முன் பற்சக்கரமும் பின் பற்சக்கரமும் அதே அகலத்துக்கு உரியனவாகவும், ஒரே நேர்கோட்டிலும் இருக்க வேண்டும். செயின் தொய்ந்து கழன்றால் பின்சில்லு இறுகிவிடலாம். ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும் இதைப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

பெடல்: கால் பெடலிலிருந்து வழுகினால், சுற்றும் பெடல் காலையே அடிக்கும். ஆகவே காலைப் பிடித்துவைக்கும் பட்டி அவசியம்.

பற்களின் கணக்கு

வலுவான கியர் போட்டால் வேகமாக ஓடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். பிள்ளையையே கணக்குப் போட வைத்தேன். முன்சக்கரத்தில் 48 பல், பின்சக்கரத்தில் 15 பல் என்றால், பெடல் ஒரு முறை சுற்ற சில்லு 3.2 முறை சுற்றும். சில்லின் சுற்றளவு சுமார் 2.1 மீற்றர். அதாவது ஒரு மிதிக்கு 6.72 மீற்றர். நிமிடத்துக்கு 100 முறை மிதித்தால் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நின்ற நிலையிலிருந்து புல்லில் அதைக் கிளப்புவது மிகக் கடினம்.

46 பல்லும் 16 பல்லும் போட்டால் ஒரு மிதிக்கு சுமார் 6.04 மீற்றர். பின்னால் 17 பல் போட்டால் 5.68 மீற்றர். ஒரேயொரு பல் வித்தியாசத்தில் ஒரு மிதிக்கு 36 சென்டிமீற்றர் மாறுகிறது. பின் பற்சக்கரம் மற்றப் பாகங்களோடு ஒப்பிடும்போது மலிவானது. எனவே விலையுயர்ந்த கிராங்க் ஒன்றுக்குப் பதிலாக நடுத்தர விலைக் கிராங்க் ஒன்றும், 16, 17 பல் கொண்ட இரண்டு பின்சக்கரங்களும் வாங்க முடிவு செய்தோம். கால் பலப்படும்போது ஒரு பல்லைக் குறைத்துக்கொள்ளலாம்.

வீதியில் ஓடும்போது

தடகளத்தில் பிரேக் போட விதி இடம் கொடுக்காது. அங்கே அது சரி. எல்லோரும் ஒரே திசையில் ஓடுகிறார்கள், யாருக்கும் பிரேக் இல்லை. ஆனால் மைதானம் கிடைக்காத நாட்களில் பிள்ளை எங்கே பயிற்சி எடுப்பாள்? குருநாகலையிலிருந்து தம்புள்ளை, திருகோணமலை செல்லும் ஏ6 வீதி கலேவெலயை ஊடறுத்துச் செல்கிறது. தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்திலிருந்து மரக்கறி ஏற்றிய லொறிகள் இரவு பகலாக ஓடும் பாதை அது. பிரேக் இல்லாத சைக்கிளோடு அந்த வீதியில் இறங்க எந்தப் பிள்ளையையும் அனுமதிக்கக் கூடாது.

ஆகவே முன் போக்கில் பிரேக் பூட்டத் துளையுள்ள பிரேமையே தேடினோம். வீதியில் ஓடும்போது பிரேக்கைப் பூட்டலாம். தளத்துக்குப் போகும்போது கழற்றலாம். தலைக்கவசத்தைப் பட்டியலின் முதல் வரியில் எழுதினோம். மிச்சக் காசில் வாங்கும் பொருளல்ல அது.

தம்பிக்கு என்ன பதில்?

இவ்வளவையும் பேசிய பிறகும் உம்மாவின் கேள்வி அப்படியே இருந்தது. தம்பி வளர்ந்தால் இது அவனுக்கு உதவாதே?

தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991 இல் அறிவொளி இயக்கத்தினர், எழுத்தறிவோடு சைக்கிள் ஓடவும் கிராமத்துப் பெண்களுக்குப் பழக்கினார்கள். ஏராளமான பெண்கள் திரண்டதால் பெண்களுக்கான சைக்கிள்களுக்குத் தட்டுப்பாடு வந்தது. அவர்கள் காத்திருக்கவில்லை, ஆண்களின் சைக்கிளிலேயே ஏறினார்கள். பிள்ளையை உட்கார வைக்க முன்கம்பி உதவுகிறது என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. இந்தச் செய்தியை வைத்து, கிடைத்த சைக்கிளில் ஓடினால் என்ன என்று குழுவில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. 2022 இல் பெற்றோல் வரிசைகள் நீண்டபோது எமது ஊரிலும் பெண்கள் கிடைத்த சைக்கிளில் ஏறி வேலைக்குப் போனார்கள். பயணத்துக்கு அது போதும். ஆனால் பந்தயப் பயிற்சி என்பது ஒரே அசைவை ஆயிரக்கணக்கான முறை முழுப் பலத்தோடு செய்வது. அங்கே தவறான அளவு காயத்தில் முடியும்.

வேறொரு மூத்த தாய்தான் முடிவைச் சொன்னார். "இது குழுட காசு. தம்பிக்குப் போகாட்டி என்ன? அடுத்த வீட்டுப் பொம்புளப் புள்ளக்குப் போகட்டும்."

அவ்வாறே எழுதிக்கொண்டோம். பிரேம், சில்லு, கிராங்க் மூன்றும் குழுவின் சொத்து. இந்தப் பிள்ளை ஓடும் காலம் வரை அவளைத் தவிர வேறு யாரும் அதை எடுக்கக் கூடாது. கடைக்கும் எடுக்கக் கூடாது. அவள் விட்டபின் குழுவிலுள்ள இன்னொரு பெண் பிள்ளைக்கு அது போகும். சீட், ஹேண்டில், பெடல் ஆகியவை உடலுக்கேற்ப மாற வேண்டியவை. அவற்றை அந்தந்தக் குடும்பம் வாங்கிக்கொள்ளும். கடன் தவணையும் இதனால் ஒரு குடும்பத்தின் தலையில் மட்டும் விழவில்லை.

பிரேம் பாவித்த பொருளாகக் கிடைத்தது. வண்ணம் உரிந்திருக்கிறது, ஒட்டுகளில் வெடிப்பு இல்லை என்று நானா விளக்கு வைத்துப் பார்த்து உறுதி செய்தார். ஹப்பும் செயினும் தலைக்கவசமும் புதியவை. உயர்தரப் பரீட்சை முடியும் வரை வாரத்தில் மூன்று நாள் பயிற்சி என்று வீட்டில் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவளுக்குத் தொடர இடம் கிடைக்குமா என்பது எந்தக் கடையிலும் வாங்க முடியாத பாகம். அதை வீடும் ஊரும் சேர்ந்துதான் பூட்ட வேண்டும்.

சகோதரிகளே, உங்கள் ஊரிலும் சைக்கிளில் நின்றே மிதிக்கும் பிள்ளை ஒருத்தி இருப்பாள். அவளுக்கு ஏதேனும் வாங்கிக் கொடுக்க எண்ணினால், கடைக்காரரிடமோ வெளிநாட்டு உறவினரிடமோ பட்டியல் கேட்கும் முன்னர் அவளையே அழையுங்கள். காலை அளவுங்கள், தோளை அளவுங்கள், எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். உங்கள் மாதர் சங்கத்திலோ சேமிப்புக் குழுவிலோ, பெண் பிள்ளைகளின் விளையாட்டுக்கென ஒரு சிறு தொகையைத் தனியே ஒதுக்க முடியுமா என்று அடுத்த கூட்டத்தில் பேசிப் பாருங்கள்.